தொகுதி 41, பக்கம் 212

கொழிஞ்சாம்பாறையில்
மாட்டுத்தீவனக் கடைக்கு மேல் இரண்டு அறை.
ஒன்றில் பழைய தொகுதிகள். மற்றதில் நான்,
கணவாய்க் காற்றில் பறந்துவிடாதபடி
மெய்ப்புத் தாள்களின் மேல் ஒரு ஸ்பிரிட் குப்பி,
குப்பிக்குள் 1958இன் தேரை.

மூன்று மாதத்துக்கு ஓர் இதழ்.
யுத்தத்தில் தாள் கிடைக்காமல் நின்றது ஒன்றே ஒன்று.
மற்றபடி தொண்ணூறு வருஷமாக
நண்டின் கால்மயிர்,
வௌவால் மேல் வாழும் உண்ணி,
பனம்பாளைக்கு வருகிற ஈயின் இறகு நரம்பு
எல்லாம் எண்ணி அச்சேறியிருக்கின்றன.
சந்தாதாரர் இருநூற்றுப் பதினாறு.
அவர்களில் உயிரோடிருப்பவர் எத்தனை என்று
இதுவரை எவரும் எண்ணவில்லை.

வேலந்தாவளத்திலிருந்து கடிதம் வந்தது.
கோடு போட்ட நோட்டுத் தாள், பென்சில் எழுத்து.
ஆறுச்சாமி, கிணறு தூர்வாருகிறவர்.

"கல்லக்கா பொட்டலத்துல உங்க தாள் வந்துச்சுங்க.
படத்துல இருக்கற மீனு நான் பாக்கற மீனுங்க.
கண்ணு கெடையாது, செவப்பு, தீக்குச்சி நீட்டம்.
ஒருக்காத்தான் ஆப்பட்டுது, அப்பறம் இல்லைன்னு
எழுதியிருக்கீங்களாமா, மருந்துக்கடைக்காரர் சொன்னாரு.
கோயமுத்தூர் ஜில்லான்னும் போட்டிருக்குதாமா.
எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கந்தானுங்க கெணறு.
பங்குனியில சேறு அள்ளறப்ப வாளியில வரும்,
திருப்பி உட்டுருவேன்.
பொழைச்சுத்தான் இருக்குதுங்க."

பதிப்பாசிரியர் சோசம்மா டீச்சர்
தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்.
கடைசி வரியில் நின்றுவிட்டார்.
"பிழச்சோ? மீனோ? அது என்ன தெற்று செய்தது?"

இல்லை டீச்சர், உயிரோடு இருக்கிறது என்றேன்.
சொல்லிவிட்டு
ராத்திரி முழுக்க அதே நினைப்பு.
பிழை செய்தவனும் பிழைத்தான்,
சாகாமல் மீண்டவனும் பிழைத்தான்.
தப்பு செய்தாலும் தப்பித்தாலும் ஒரே தப்பு.
தவறினார் என்றால் மட்டும்
பந்தல் போட்டுவிடுகிறோம்.

சான்று வேண்டும் என்றது இதழின் விதி.
குப்பி அனுப்புகிறோம், தபால்செலவு எங்களுடையது,
ஒரு மீனை அதில் இட்டு அனுப்புங்கள் என எழுதினேன்.
பதில் ஓர் அஞ்சலட்டை:

"அனுப்பினா ஒண்ணு கொறைஞ்சு போயிருமுங்க."

டீச்சர் அதை இரண்டு முறை வாசித்தார்.
ஒன்றும் சொல்லாமல்
தேரைக் குப்பிக்கு அடியில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.
தேங்காய் லாரிகள் செக்போஸ்ட்டில் வரிசையாய் நிற்க
அதன் பின்னால் சோளக்காடு, அதற்குள் எல்லைக்கல்,
கல்லில் யாரோ ஆட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள்.
கல்லிலிருந்து கிணற்றுக்குப் பதினேழு எட்டு.
ஆறுச்சாமி ஊரில் இல்லை, கிணத்துக்கடவில் வேலையாம்.
எட்டிப் பார்த்தேன்.
ஒரு பனை, அதன் பக்கத்தில் என் தலை.
தண்ணீருக்கு அடியில்
எந்த ஊற்று எந்த ஜில்லாவிலிருந்து வருகிறதென்று
அந்த மீனைக் கேட்டால் தெரியும்.

பிழைதிருத்தம் போடலாம் என்றார் டீச்சர்,
இடத்துக்கு மட்டும்.
உயிருக்குச் சாட்சி வேண்டும்,
கல்லுக்கு வேண்டாம், அது அங்கேயே இருக்கிறது.

கடைசிப் பக்கம், சந்தா விவரத்துக்குக் கீழே,
எறும்பு போன்ற எழுத்தில் மூன்று வரி:
தொகுதி 41, பக்கம் 212, வரி 9.
'கோயமுத்தூர் மாவட்டத்தில் கிடைத்தது' என்பதை
'பாலக்காடு மாவட்டத்தில் கிடைக்கிறது'
என்று திருத்தி வாசிக்கவும்.

மெய்ப்பு பார்த்தவள் நான்.
கையெழுத்து போட்டவர் டீச்சர்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி.

அடுத்த இதழ் வந்துவிட்டது.
அதற்கடுத்ததும் அச்சில் இருக்கிறது.
அந்தத் திருத்தத்துக்கு
இதுவரை திருத்தம் இல்லை.